அன்பும் ஆற்றாமையும்

(பி.எஸ்ஸி., விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

அன்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கொடுத்தல். தாய் சோறு கொடுக்கிறாள். தந்தை கட்டணம் கொடுக்கிறார். தோழி தன் குறிப்பேட்டைக் கொடுக்கிறாள். இவற்றைப் பற்றிப் பட்டிமன்றங்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் நிறையக் கேட்டிருக்கிறோம். அன்பில் இன்னொரு பகுதியும் உண்டு. “என்னால் முடியவில்லை”, “எனக்குப் பயமாக இருக்கிறது”, “நீ இல்லாமல் எனக்கு ஓடவில்லை” என்று மற்றவர் அறியும்படி நிற்பது. அப்படி நிற்கும்போது நம்மைக் காயப்படுத்தும் வழி அவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் சிரித்துவிடலாம், ஊரெல்லாம் சொல்லிவிடலாம், ஏமாற்றியும் விடலாம். அது தெரிந்தும் ஏன் நிற்கிறோம்? இக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

இந்நிலைக்குத் தமிழில் பெயர் உண்டா என்று தேடியபோது, தமிழ்த்துறைப் பேராசிரியை ஒருவர் ‘ஆற்றாமை’ என்ற சொல்லை எடுத்துத் தந்தார். தாங்க இயலாமை என்பது பொருள். தலைவனைப் பிரிந்த தலைவியின் நிலையைச் சொல்லப் பழைய உரையாசிரியர்கள் இச்சொல்லைக் கையாளுகிறார்கள். நாம் ஒன்றும் இதை மறந்துவிடவில்லை. “ஆத்தாமையில பேசுறா, விடுங்க” என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள். வாய் திட்டினாலும் உள்ளே வலி இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட பேச்சு அது.

திருவள்ளுவரும் இதை ஒதுக்கவில்லை. அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளே கண்ணீரைப் பற்றியதுதான். மறைக்க நினைப்பவரின் அன்பை அவருடைய கண்ணே வெளிப்படுத்திவிடும் என்பது அதன் கருத்து. காமத்துப்பாலில் ‘நாணுத்துறவுரைத்தல்’, ‘நிறையழிதல்’ என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. நாணத்தையும் மன உறுதியையும் இழந்து நிற்பதற்கு, ஒவ்வோர் அதிகாரத்திலும் பத்துப் பத்துக் குறள்!

நூல்களைத் தேடிப் போவானேன்? கிருஷ்ணன்கோவிலில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் தெரிகிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு நம்மில் போகாதவர் குறைவு. அக்கோவிலுக்குரிய தந்தை, மகள் இருவரின் பாடல்களைக் காட்டிலும் இப்பொருளுக்குப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆண்டாளைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் முதலில் பேச விரும்புவது பெரியாழ்வாரைப் பற்றி.

மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் அவையில் வாதம் செய்து பொற்கிழி பெற்றார் பெரியாழ்வார். அரசன் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலம் விட்டான். அதைக் காணப் பெருமாளே கருடன்மீது வானில் தோன்றினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வேறொருவராக இருந்தால் கைகூப்பி வரம் கேட்டிருப்பார். பெரியாழ்வாரோ பதறிப்போனார். இத்தனை பேர் பார்க்கும்படி இப்படி வந்து நிற்கிறாரே, கண்ணேறு பட்டுவிடுமே என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்திப் பாடினார். 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு பிறந்த வரலாறு இது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் தொடங்குவதே அதில்தான்.

உலகத்தைக் காப்பவனுக்கு ஓர் ஏழைப் பூக்கட்டி திருஷ்டி கழிப்பது அறிவுக்குப் பொருந்துமா? பொருந்தாதுதான். ஆனால் பேருந்து பத்து நிமிடம் தாமதமானதற்காக வாசலில் வந்து நிற்கும் அம்மாவிடம் “இது அறிவுக்குப் பொருந்தாது” என்று சொல்லிப் பாருங்கள்! இந்த நடுக்கத்தை வைணவ உரையாசிரியர்கள் ‘பரிவு’ என்றார்கள். பரிவு மிகுந்ததாலேயே அவர் ‘பெரிய’ ஆழ்வார் ஆனார் என்பதும் அவர்கள் விளக்கம். வாதில் வென்ற புலமைக்காகவோ பெற்ற பொன்னுக்காகவோ அப்பெயர் வரவில்லை.

அவருடைய திருமொழியில் என் மனத்தைத் தொட்ட இடம் இன்னொன்று. கண்ணனுடன் போய்விட்ட மகளை நினைத்து ஒரு தாய் புலம்புவதாகப் பத்துப் பாசுரங்கள் பாடியிருக்கிறார். ஒரே ஒரு மகள், அருமையாக வளர்த்தவள். மாமியார் யசோதை அவளை எப்படி நடத்துவாளோ, விடியுமுன் எழுந்து தூக்கத்தைத் துறந்து தயிர் கடைய அவளால் முடியுமோ என்று அத்தாய் கவலைப்படுகிறாள். மாப்பிள்ளை கடவுள், சம்பந்தி வீடு ஆயர்பாடி. அப்போதும் தயிர் கடையும் கவலை! பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த வீட்டிலும் மறுவாரம் கேட்கும் பேச்சுத்தானே இது? ஓர் ஆண், புலவர், அரசவையில் வென்றவர், இப்படிப் பேசத் தாயின் குரலை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் நான் கவனித்தேன்.

இனி மகள். ஆண்டாள் பாடியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. மார்கழியில் ஒலிபெருக்கியில் கேட்பது முன்னது. பின்னதில் கல்யாணக் கனவுப் பகுதியான ‘வாரணமாயிரம்’ மட்டும் மண வீடுகளில் கேட்கும். மற்றவற்றையும் படித்துப் பார்க்குமாறு தோழியரைக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, இரு முனையும் கூடினால் அவன் வருவான் என்று குறி பார்க்கிறாள். அதற்குக் கூடல் இழைத்தல் என்று பெயர். குயிலிடம் கெஞ்சுகிறாள். வேங்கடத்துக்குப் போகும் மேகத்திடம் செய்தி சொல்லி அனுப்புகிறாள். அவன் வாயருகே இருக்கும் வெண்சங்கின்மீது பொறாமைப்படுகிறாள். முடிவை நெருங்கும்போது கடுங்கோபம் கொள்கிறாள். தன் நிலையைச் சொல்ல அவள் ஓர் இடத்திலும் வெட்கப்படவில்லை.

அந்த மாலைக் கதையையும் இக்கண்ணோட்டத்தில் பாருங்கள். தந்தை கட்டி வைத்த மாலையைச் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுக் கூடையில் வைக்கிறாள். (அக்கண்ணாடிக் கிணற்றைக் கோவிலில் இன்றும் காட்டுகிறார்கள்.) மாலையில் தலைமுடி இருந்ததைக் கண்டு தந்தை வருந்தி, சூடாத புது மாலையைக் கொண்டுபோனார். கனவில் வந்த பெருமாள் அந்த முடி ஒட்டிய மாலைதான் தனக்கு வேண்டும் என்றாராம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை, சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு இறங்கும் கள்ளழகருக்கும், புரட்டாசிப் பிரம்மோற்சவக் கருட சேவையின்போது திருமலைக்கும் இன்றும் திருவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. குறையற்ற மாலை அங்கேயே கிடைக்காதா என்ன?

என் பாடத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். நண்டின் ஓடு அதனுடன் சேர்ந்து வளராது. வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய பின் சில நாழிகை அதன் உடல் தோல்போல மெத்தென்று இருக்கும். எந்த மீனும் விழுங்கிவிடலாம். நம் கடற்கரையில் கிடைக்கும் நீலக்கால் நண்டு இனத்தில் பெண் நண்டு இணைசேர்வது ஓடு கழற்றிய அந்த நேரத்தில்தான். ஆண் நண்டு அதைத் தன் கால்களால் அணைத்துக் காத்து நிற்கும். நண்டுக்கு அன்பு உண்டென்று நான் வாதிட வரவில்லை. செய்முறை வகுப்பில் இதைக் கேட்டபோது என் நினைவு எங்கோ போயிற்று, அவ்வளவே.

மனிதக் குழந்தையைப் பற்றி எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது; கையை நீட்டுகிறது; குரல் கொடுக்கிறது; அழுகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது. கல் முகம் வைத்திருப்பவர் நம்மை வெறுக்கிறாரா, நம்மிடம் மறைக்கிறாரா என்பதைக் குழந்தை எப்படி அறியும்? பெரியவர்களாகிய நாம்தான் எப்படி அறிவோம்?

தாயும் சேயும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, பிசகி மீண்டும் சேர்வதில்தான் உறவு வலுப்படுகிறது என்றும் டிரோனிக் விளக்கினார். காதலர் பிணக்கில் விட்டுக்கொடுத்தவருக்கே வெற்றி என்று ஊடலுவகை அதிகாரத்தில் வள்ளுவர் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கண்ணில் பட்டவரிடமெல்லாம் மனத்தைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. அழுதே காரியம் சாதிப்பவர்களையும் விடுதியில் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, நம் வீடுகளில் ஆற்றாமை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருப்பது. என் தம்பி ஐந்து வயதில் விழுந்து முழங்கால் கிழிந்து அழுதபோது “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்று கேட்டது நான்தான். அவன் இப்போது என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

என் அப்பா தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். எண்ணிக்கைக்குக் கூலி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் “கண்ணு மங்கலா இருக்கு, நீயே படி தாயி” என்பார். நானும் அதை நம்புவதுபோல் நடந்துகொள்வேன்.

முதல் பருவத்தில் துணைப்பாடமான வேதியியலில் தோற்றுவிட்டேன். 24 மதிப்பெண். பெற்றோர் கையொப்பத்துடன் தாளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். “படிப்பு வரலேன்னா கட்டிக்கொடுத்திர வேண்டியதுதான்” என்று பெரியப்பா ஏற்கனவே பேசிக்கொண்டிருந்த நேரம். நான் தாளை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அன்று ஏனோ படிக்கச் சொல்லவில்லை. மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தார். “நல்லா இருக்கா தாயி?” என்று கேட்டார். “நல்லா இருக்குப்பா” என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஐந்து மாதம் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. அவர் கேட்கும் சாதாரணக் கேள்விக்குக்கூட எரிந்து விழுந்தேன். ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் இரவு, மின்சாரம் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, “எழுத்துத்தான் எனக்குத் தெரியாது தாயி. எண்ணு தெரியும். தேங்கா எண்ணுறவனுக்கு எண்ணு தெரியாதா? இருபத்தி நாலுன்னு அன்னைக்கே பாத்தேன்” என்றார்.

“அப்புறம் ஏம்ப்பா கேக்கல?”

“நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.”

தனக்கு எழுத்துத் தெரியாது என்று அவர் சொன்னதும் அன்றுதான் முதல் தடவை. ஐந்து மாதமும் தினம் காலையில் என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தவர் அவர். ஏமாற்றப்பட்டது தெரிந்தும் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தாளை மீண்டும் எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் அப்பாவிடம் கொடுத்து, எண்ணை அவரையே படிக்கச் சொல்வதாக இருக்கிறேன்.