பழைய தொலைநோக்கி வாங்கப் போகிறீர்களா?

ஜாலான் புசாரை ஒட்டிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. பழைய தொலைநோக்கிகள் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் கைமாறுகின்றன. பெட்டியில் ‘675 மடங்கு’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். 60 மில்லிமீட்டர் வில்லைக்கு ஏறத்தாழ 120 மடங்குதான் எல்லை; அதற்கு மேல் உருவம் பெரிதாகும், தெளிவு கூடாது. முன்வில்லையின் குவியத் தூரம் 900 மில்லிமீட்டர், கண்ணருகு வில்லையுடையது 20 என்றால், வகுத்துப் பாருங்கள்: 45 மடங்கு. சனிக்கோளின் வளையத்தைக் காண அதுவே போதும்.

கண்ணருகு வில்லையின் குழாயையும் அளந்துவிடுங்கள். பழைய ஜப்பானியக் கருவிகள் பலவற்றில் அது 24.5 மில்லிமீட்டர், இன்று பரவலாகக் கிடைப்பவை 31.7. இரண்டும் நேராகப் பொருந்தா.

நம் ஊர் ஈரப்பதத்தில் வில்லைக்குப் பெரிய எதிரி பூஞ்சை. கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் இழைகள் ஓடினால் வாங்காதீர்கள். அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

சில பெட்டிகளில் கண்ணருகு வில்லையில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும், சூரியனைப் பார்ப்பதற்காம்! இலவசமாகத் தந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். முன்வில்லை குவிக்கும் வெப்பமெல்லாம் அதன்மேல்தான் விழுகிறது. அது விரிசல் விட்டால், கண்ணை விலக்குமுன் பார்வை போய்விடும். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதும் மூடுவதாக இருக்க வேண்டும்.