காஸி மோதாஹர் ஹுசைன்: புள்ளிவிபரவியலும் தாய்மொழியும்

வங்காள முஸ்லிம்களின் சிந்தனை வரலாற்றை நோக்கும் நாம், கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமை அறிந்த அளவுக்கு அவருடைய நண்பர் காஸி மோதாஹர் ஹுசைனை (1897–1981) அறிந்தோமல்லோம். விஞ்ஞானத்தையும் இலக்கியத்தையும் ஒருங்கே பேணிய அவருடைய வாழ்வு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கல்முனைக் கரையோர முஸ்லிம்கள் கருத்தூன்றி நோக்கத்தக்கதாகும்.

பௌதிகம் பயின்று 1921இல் டாக்காப் பல்கலைக்கழகப் பணியிற் சேர்ந்த ஹுசைன், பின்னர் கல்கத்தாவில் மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்திற் பயின்றார். அவருடைய ஆய்வை நமது வயல்களைக் கொண்டே விளக்கலாம். 11 நெல்லினங்களை ஒப்பிட வேண்டும். ஆயின், ஒரே தன்மையான மண்ணுள்ள ஒவ்வொரு துண்டிலும் 5 இனங்களுக்கே இடமுண்டு. எனவே 11 துண்டுகளில், எந்த இரண்டு இனங்களும் சரியாக இரு துண்டுகளில் மட்டும் ஒருங்கே வருமாறு அவற்றை ஒழுங்குபடுத்துதல் வேண்டும். அப்பொழுதே ஒவ்வோர் இணையும் சம வாய்ப்புடன் ஒப்பிடப்படும். அடிப்படையில் வேறுபட்ட இத்தகைய அமைப்புகள் எத்தனை உள? மேற்கூறிய வகையில் ஒன்றே. துண்டுக்கு 6 ஆக, 16 இனங்களை 16 துண்டுகளில் இடும் வகையில் மூன்றே என 1945இல் அவர் நிறுவினார். இனங்களின் தொடர்புகளைச் சங்கிலிகளாகக் கோத்து ஆராயும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது. டாக்காவில் இத்துறையின் கல்விக்கு அடித்தளமிட்ட அவர், 1964இல் அங்கு தோன்றிய புள்ளிவிபரவியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தின் முதற் பணிப்பாளருமானார்.

எனினும் ஆய்வுகூடத்துள் அவர் ஒடுங்கிவிடவில்லை. 1926இல் டாக்காவில் உருவான முஸ்லிம் இலக்கிய சமாஜத்தின் முன்னோடிகளுள் ஒருவராய், அதன் 'ஷிகா' ஏட்டின் ஆசிரியராகவும் பணியாற்றினார். மரபை அறிவாற் சோதித்துப் பார்க்க வேண்டுமென்ற அவ்வியக்கம் பழமைவாதிகளின் சினத்துக்கு ஆளாயிற்று. 1947இல், உருது மட்டுமே அரசமொழி என்ற கருத்து வலுப்பெற்றபோது, மார்க்கம் ஒன்றாயினும் மக்களின் மொழியைப் புறக்கணித்தல் நாட்டைப் பிளக்கும் என எழுதினார். 1952இன் மொழிப் போராட்டமும் 1971இன் பிரிவினையும் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தன. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

புள்ளிவிபரவியலையும் கணித வரலாற்றையும் அவர் வங்காளத்திலேயே நூல்களாக்கினார். விஞ்ஞானம் கற்றுத் தமிழாய்ந்த காரைதீவுச் சுவாமி விபுலாநந்தர் பிறந்த கரையும் இதுவே. சமயத்தால் வேறுபட்ட இவ்விருவரும் நமக்கு உணர்த்துவது ஒன்று: மக்கள் மொழியில் வழங்காத அறிவு மக்களின் உடைமையாவதில்லை. அதனை உடைமையாக்கும் கடமை நம்முடையது.