நான்கு புள்ளிகளில் ஓர் அனிமே கண்

அனிமே கதாபாத்திரங்களைக் கணினியில் வரைய விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். "எவ்வளவு செலவாகும்?" என்பது ஒன்று. "எனக்குக் கோடே நேராக வராது, என்னால் முடியுமா?" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியோடு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுபவர்கள் பலர். வெக்டர் ஓவியம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் தேவையில்லை. அங்கே வளைவை இழுப்பது கணக்கு. புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது மட்டுமே நம் வேலை.

கைப்பேசியில் எடுக்கும் படம் பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆனது. அகலம் 500, உயரம் 500 என்றால் மொத்தம் 250,000 சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதைப் பதாகைக்காகப் பத்து மடங்கு பெரிதாக்கினால் புதிய விவரம் எதுவும் வந்து சேராது. இருக்கும் சதுரங்கள்தாம் பெரிதாகும். ஓரங்கள் படிக்கட்டு போலவோ மங்கலாகவோ தெரிவது அதனால்தான்.

வெக்டர் படம் சதுரங்களைச் சேமிப்பதில்லை. வரையும் முறையைச் சேமிக்கிறது. "மையம் இங்கே, ஆரம் இவ்வளவு, நிறம் நீலம்" என்று எழுதி வைத்தால் டோரேமானின் தலைக்கு அதுவே போதும். சட்டைப் பொத்தான் அளவிலும் பள்ளிச் சுவர் அளவிலும் கணினி அதைப் புதிதாகவே வரையும். நாம் அன்றாடம் பார்க்கும் கணினி எழுத்துகளும் இப்படித்தான். மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளுடனேயே வருகிறது. அதிலுள்ள 'ழ' எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாததற்குக் காரணம், அது புள்ளிகளும் வளைவுகளுமாகச் சேமிக்கப்பட்டிருப்பதுதான்.

இந்த வளைவுகள் பிறந்த இடம் கார்த் தொழிற்சாலை. காரின் வளைந்த உடலை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றுவது எப்படி? பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தில் 1959இல் பால் தெ காஸ்தெல்ஜோ ஒரு வழி கண்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது. 1960களில் ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே தம் முறையை வெளியிட்டார். அதனால் வளைவுக்குப் 'பெசியே' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கணினி இல்லாமலேயே இதைச் செய்து பார்க்கலாம். வரைபடத் தாளில் அ (0,0), ஆ (0,8), இ (8,8), ஈ (8,0) என நான்கு புள்ளிகளைக் குறியுங்கள். அவற்றை வரிசையாக இணையுங்கள். மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகள் (0,4), (4,8), (8,4). இவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகள் (2,6), (6,6). இவ்விரண்டின் நடுப்புள்ளி (4,6). வளைவின் உச்சி அதுதான். பாதிக்குப் பதிலாக ஒவ்வொரு கோட்டிலும் கால் பங்கு தூரத்தை எடுத்து இதையே செய்தால் (1.25, 4.5) கிடைக்கும், முக்கால் பங்குக்கு (6.75, 4.5). எல்லாவற்றையும் சேர்த்து வரைந்து பாருங்கள். அனிமே கண்ணின் மேலிமை தாளில் தெரியும்!

வளைவு அ, ஈ இரண்டையும் தொடுகிறது. ஆ, இ இரண்டையும் தொடுவதில்லை. அவை வளைவைத் தம் பக்கம் இழுக்க மட்டும் செய்கின்றன. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியின் மேல் ஏறாமல் அதைச் சுற்றி வளைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. மென்பொருளில் அ, ஈ போன்றவற்றைக் கணு என்றும், ஆ, இ போன்றவற்றைக் கைப்பிடி என்றும் வைத்துக்கொள்வோம். கணுவிலிருந்து கைப்பிடிக்குச் செல்லும் கோடு வளைவுக்குத் தொடுகோடு. ஒரு கணுவின் இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக இருந்தால் வளைவு வழுவழுப்பாகச் செல்லும். இல்லையேல் அங்கே முனை விழும். கன்னத்துக்கு முதல் வகை, முடிக்கற்றையின் நுனிக்கு இரண்டாவது.

தொடக்கப் பயிற்சிக்கு அனிமே ஏற்றதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஒளிபுகும் தாளின் முன்புறம் கோடுகளைப் பதித்து, பின்புறம் நிறம் தீட்டி அனிமே தயாரித்தார்கள். ஆயிரக்கணக்கில் வரைய வேண்டியிருந்ததால் தெளிவான கோடு, ஒரே சீரான நிறம், கூர்மையான ஓரமுள்ள ஒரு நிழல் என்ற பாணி நிலைபெற்றது. அந்தத் தாள் மறைந்துவிட்டது, பாணி மறையவில்லை. மூடிய வடிவங்களாக எளிதில் பிரிக்கக்கூடிய பாணி அது.

செலவைப் பொறுத்தவரை, 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். சாதாரண மௌஸ் போதும். நீங்களே பென்சிலில் வரைந்த முகத்தைப் படமெடுத்து அடி அடுக்கில் வைத்துப் பூட்டுங்கள். மேலே முகம், முடி, கண், நிழல் என்று தனித்தனி அடுக்குகள் வையுங்கள். வடிவம் திரும்பும் இடங்களில், அதாவது மேல், கீழ், இடம், வலம் ஆகிய விளிம்புகளில் மட்டும் கணு வையுங்கள். முழு வட்டத்துக்கே நான்கு கணுக்கள் போதும். கைப்பிடியின் நீளம் ஆரத்தில் சுமார் 0.55 மடங்கு. முகத்துக்கு முப்பது கணு தேவைப்படுகிறது என்றால் எங்கோ தேவையில்லாமல் வைத்திருக்கிறீர்கள். கணு கூடக்கூடக் கோடு நடுங்கும்.

படத்தைத் தானாகவே வெக்டராக மாற்றும் கருவியும் அதில் உண்டு. ஒரு சொடுக்கில் வேலை முடியும். ஆனால் எது கண், எது முடி என்று அதற்குத் தெரியாது. நிறம் மாறும் இடமெல்லாம் கணுக்களைக் கொட்டிவிடும். பிறகு ஓர் இமையை மட்டும் உயர்த்த நினைத்தால் நூறு கணுக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். நீங்களே வைத்த நான்கு புள்ளிகள் என்றால் இரண்டு கைப்பிடிகளை நகர்த்தினால் போதும். தூங்கும் முகம் வியக்கும் முகமாகிவிடும்.

பிறர் படைத்த கதாபாத்திரத்தைப் பார்த்து வரைந்து பழகலாம். அதைச் சட்டையில் அச்சிட்டு விற்பது வேறு விஷயம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வளைவு கைவந்த பிறகு உங்களுக்கென்று ஒரு முகத்தை வரையுங்கள். அதன் ஒவ்வொரு கணுவும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால், நீங்கள் வரையக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.