சிறைக்கும் சேலைக்கும் ஒரே கஞ்சி

ஒருவர் ஜெயிலுக்குப் போனால் "களி திங்கப் போயிட்டான்" என்பது நம் ஊர்ப் பேச்சு. இதே குசும்பு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் இருந்தது. இந்தியாவில் முகாமிட்டிருந்த படைப்பிரிவுகளில், தப்பு செய்தவனை அடைத்துவைக்கும் அறையை அவர்கள் 'கான்ஜி ஹவுஸ்' என்றார்கள். கஞ்சி வீடு! உள்ளே போனால் கஞ்சிதான் கிடைக்கும் என்பதால் வந்த பெயர்.

ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி.பர்னெலும் தொகுத்து, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தக் கொச்சைச் சொல்லைப் பதிவுசெய்திருக்கிறது. கஞ்சி தமிழிலிருந்து வந்தது என்றும் சொல்கிறது. சோறு வடித்த நீர், நோயாளியின் பத்திய உணவு, சலவைக்காரர் துணிக்குப் போடும் பசை என எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர்கள் இந்த ஒரே சொல்லைப் புழங்கினார்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட இரவுத் தொப்பிக்குக்கூட 'கான்ஜி கேப்' என்று பெயர்.

அவர்களுக்கு முன்பே போர்த்துக்கீசியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1563-இல் கோவாவில் அச்சான தன் மருத்துவ நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை 'கான்ஜெ' என்று எழுதினார் கார்சியா த ஓர்த்தா. இன்று போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் 'கான்ஜா' என்றால் அரிசி போட்ட கோழி சூப். பேச்சுவழக்கில் "அது கான்ஜா" என்றால் 'ரொம்பச் சுலபம்' என்று பொருள். ஹாங்காங் உணவகங்களின் ஆங்கில மெனுவில் சீனர்களின் அரிசிக் கஞ்சியும் 'கான்ஜி'தான்.

ஒரு சொல்லுக்கு இத்தனை முகங்கள் வந்ததற்கு அந்தப் பொருளின் வேதியியலே காரணம். அரிசி மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுதான். தண்ணீரில் போட்டு ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், மணிகள் நீரை உறிஞ்சி உப்பும். உள்ளிருக்கும் அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியே கசியும். தண்ணீர் அதிகமானால் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீர். குறைந்தால் கெட்டிக் கஞ்சி. ஆறவிட்டால் சங்கிலிகள் மறுபடி நெருங்கி, கூழாக இறுகும். மெல்லியதாகப் பூசிக் காயவைத்தால், விறைப்பான ஏடு.

இந்தக் கடைசி நிலைதான் காஞ்சிபுரத்தின் பட்டு நெசவுக்கு வேண்டியது. ஆங்கிலேயர்கள் இந்த ஊரின் பெயரையும் 'கான்ஜீவரம்' என்று, கஞ்சிக்குப் போட்ட அதே ஆறு எழுத்துகளில் தொடங்கி எழுதினார்கள். காஞ்சிக்கும் கஞ்சிக்கும் சொல்வழி உறவு எதுவும் இல்லை. தறி வழியாக உண்டு.

பட்டுப்புழு நூற்கும் இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அதை நீக்கினால் எடையில் நாலில் ஒரு பங்குவரை குறையும். பளபளப்பும் மென்மையும் கூடும். ஆனால் நுண்ணிழைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த கவசமும் போய்விடும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை, விழுது என்ற கண்ணிகளுக்குள் நுழைந்து, அச்சு என்ற சீப்புக்குள் போகிறது. குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் அச்சு வந்து அடிக்கும்போது பாவு உரசும். வெறும் இழை என்றால் பிசிறடித்து அறுந்துவிடும்.

அதனால் பாவைத் தெருவில் நீள இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, வெயிலில் காயவைக்கிறார்கள். காய்வதற்குள் நீவிப் பிரிக்காவிட்டால் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி கெட்டியானால் இழை முறியும், நீர்த்தால் பிசிறு அடங்காது. மாவுச்சத்துக்கும் பட்டுப் புரதத்துக்கும் இடையே உருவாவது வலுவில்லாத ஹைட்ரஜன் பிணைப்பு. தறியில் தாங்கும், தண்ணீர் பட்டால் விட்டுவிடும். ஐப்பசி மழையில் பாவு காயாது, தெருவில் இந்த வேலையும் நடக்காது.

கன்டோன்மென்ட் சிப்பாய்களோடு 'கான்ஜி ஹவுஸ்' வழக்கொழிந்தது; கான்ஜி கேப்பும் போயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் கான்ஜி என்றால் கிண்ணத்தில் வரும் சாப்பாடு மட்டும்தான். கஞ்சி இன்னும் பசையாகவும் இருப்பது சலவைக்கடையிலும் நெசவாளர் தெருவிலும்தான்.