உங்களுக்குத் தெரியுமா? மடியில் ஒரு குர்ர்ர்!

உங்கள் மடியில் சுருண்டு படுத்தபடி பூனை 'குர்ர்ர்' என்கிறதே, அதில் நொடிக்கு எத்தனை அதிர்வுகள் தெரியுமா? 25 முதல் 150 வரை! மூச்சை இழுக்கும்போதும் குர்ர்ர், விடும்போதும் குர்ர்ர்!

மெல்பர்ன்வாசிகளே, அடுத்தது உங்கள் ஊர்ச் செய்தி! அங்குள்ள பேக்கர் ஆராய்ச்சி நிலையத்தில் இதயப் பரிசோதனைக்கு வந்த 5,741 பேரிடம், "வீட்டில் செல்லப்பிராணி உண்டா?" என்று கேட்டார்கள். 784 பேர் 'உண்டு' என்றார்கள். அந்த 784 பேரில் ஆண்களுக்கு ரத்த அழுத்தமும் குறைவு, ட்ரைகிளிசரைடு கொழுப்பும் குறைவு! 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் ரத்த அழுத்தம் குறைவு! முடிவு வெளியான ஆண்டு 1992.

இன்னொன்று கேளுங்கள். மற்றவர்களைவிட அதிகமாக இறைச்சியும் கடைச் சாப்பாடும் வெளுத்துக் கட்டியவர்கள் இதே செல்லப்பிராணிக்காரர்கள்தான்! அப்படியிருந்தும் கொழுப்பு குறைவு! (உடற்பயிற்சியும் கொஞ்சம் அதிகம் செய்தார்கள், சொல்லிவிடுகிறேன்.) இதுவரை நான் தேடிப் பிடித்த செல்லப்பிராணித் தகவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

1993-இல் ஆஸ்திரேலியாவில் பூனை வளர்க்கும் 92 பேரையும், எந்தப் பிராணியும் வளர்க்காத 70 பேரையும் ஒப்பிட்டார்கள். மனநலத்தில் ஜெயித்தது யார்? பூனைக் கட்சி!

அமெரிக்காவில் 4,435 பேரை 20 ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஒரு காலத்தில் பூனை வளர்த்தவர்களுக்கு, வளர்க்காதவர்களைவிட மாரடைப்பால் இறக்கும் அபாயம் 37 சதவீதம் குறைவு!

பரீட்சை பயமா? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து ஒரு சோதனை. பூனை, நாய்களைத் தடவிக் கொஞ்சியவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்ட நேரம் வெறும் 10 நிமிடம்!

இப்போது ஆட்டுக்கு வருவோம். ஆமாம், செம்மறி ஆடு! நொடிக்கு 30 முறை லேசாக அதிரும் மேடையில் தினம் 20 நிமிடம் ஆடுகளை நிற்க வைத்தார் அமெரிக்க ஆய்வாளர் கிளின்டன் ரூபின். ஒரே ஆண்டில் தொடை எலும்பின் பஞ்சுப் பகுதி 34 சதவீதம் அடர்த்தியானது! இந்த முடிவு வெளியான அதே 2001-இல் எலிசபெத் வான் முகென்தாலர் பூனை இனங்களின் குர்ர்ர் ஒலியைப் பதிவு செய்து பார்த்தார். எலும்பு வளரவும் முறிவு கூடவும் உதவும் அதிர்வு அலைவரிசைகள் அதில் அப்படியே இருந்தன! பூனை தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் வித்தையோ இது என்று கேட்டார் அவர். உடம்பு வலித்தாலும் குட்டி போட்டாலும் பூனை குர்ர்ர் என்பது சும்மாவா!

சிங்கம் கர்ஜிக்கும்; ஆனால் நம் வீட்டுப் பூனைபோல குர்ர்ர் சொல்லாது. பூனையினத்தில் மின்னல் ஓட்டக்காரனான சீட்டாவோ அழகாகக் குர்ர்ர் சொல்லும்! சிட்னிக்காரர்கள் டப்போ உயிரியல் பூங்காவுக்குப் போனால் சீட்டாவைப் பார்க்கலாம்.

சிட்னி என்றதும் ட்ரிம் ஞாபகம் வருகிறது! கப்பல் தலைவர் மேத்யூ ஃபிளிண்டர்ஸோடு ஆஸ்திரேலியாவையே சுற்றி வந்த பூனை அது. மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர்களிடம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஃபிளிண்டர்ஸ், காணாமல்போன தன் ட்ரிம்முக்காக உருகி உருகி ஒரு நினைவஞ்சலியே எழுதினார்! மக்குவாரி தெருவில் மிட்செல் நூலகத்தின் ஜன்னல் விளிம்பைப் பாருங்கள். 1996 முதல் வெண்கலத்தில் நிற்கிறது ட்ரிம்!

பூனை இல்லையா, கவலை எதற்கு? காபி குடித்தபடி பூனையைக் கொஞ்ச ஆஸ்திரேலியாவின் முதல் பூனைக் கஃபே 2014-இல் திறந்த ஊரும் மெல்பர்ன்தான்!

காலையில் உங்களை எழுப்பும் குர்ர்ர் வேறு வகை! பசிக்கும் பூனை அதற்குள் ஒரு மெல்லிய அழுகையை ஒளித்துவைக்கிறது என்று 2009-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அந்த அவசரம் காதில் பட்டுவிடும்!

எல்லாவற்றிலும் பெரிய குர்ர்ர் எது? இங்கிலாந்தின் டார்கீ ஊரில் மெர்லின் என்ற பூனை 2015-இல் செய்த கின்னஸ் சாதனை: 67.8 டெசிபல்!