கைப்பிடிக்குள் கொஞ்சம் கனம்

சென்னை நொச்சிக்குப்பத்தில் மீனவர்கள் வீச்சுவலையின் விளிம்பில் ஈயக்குண்டு கோத்திருப்பார்கள். கனம் உரிய இடத்தில் இருந்தால்தான் வலை வட்டமாக விரிந்து விழும். போட்டிக்கான கைத்துப்பாக்கிக்கும் இது பொருந்தும், நேயர்களே.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ஒரே கையால்தான் சுட வேண்டும். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர்! தகுதிச் சுற்றில் மட்டும் 60 குண்டுகள். குழலின் முனை கனமாக இருந்தால் குறி அதிகம் அலையாது. ஆனால் நேரம் ஆக ஆக முனை கீழே இழுக்கத் தொடங்கும். அதனால் சிலர் கைப்பிடிக்குள் ஈயமோ டங்ஸ்டனோ சேர்த்து, எடை மையத்தை உள்ளங்கைப் பக்கம் கொண்டுவருகிறார்கள். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது, சின்ன இடத்தில் அடங்கிவிடும்.

மொத்த எடை கூடினால் தோள் சோர்ந்துவிடும். எனவே சில கிராம்களாகச் சேர்த்து, பல நாள் சுட்டுப் பார்ப்பதே நல்லது. சென்னை வேளச்சேரி குருநானக் கல்லூரியின் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிலும் பிள்ளைகளும் இதைக் கவனிக்கலாம். விதிப்படி ஏர் பிஸ்டலின் உச்ச எடை 1,500 கிராம். சேர்த்த கனமும் அதற்குள் அடங்க வேண்டும்.