எட்டாவது கயிறு

என் கணவருக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தபோது எல்லோரும், "40 கிலோமீட்டர்தானே! இதுக்குப் போய்க் கண் கலங்குறியே" என்றார்கள். தூரம் கொஞ்சம்தான். ஆனால், பன்னிரண்டு வருஷமாக நவராத்திரிக்கு நவராத்திரி என்னோடு கோலாட்டம் ஆடிய ஏழு பேரை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியுமா? கோல்களை மட்டும் புடவைக்குள் சுற்றி எடுத்து வந்தேன்.

"இந்த வயசிலே புது ஊர்லே யாரோட ஆடப் போறே?" என்று சிரித்தார் இவர்.

முதல் இரண்டு மாதம் பால்காரரையும் கீரைக்காரம்மாவையும் தவிர யாரோடும் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை திந்திரிணீஸ்வரர் கோவிலுக்குப் போவேன், வருவேன். புரட்டாசி பிறந்ததும் ஒரு மாலை, பின் தெரு மாடியில் 'டக் டக்' என்று கோல் தட்டும் சத்தம். கூச்சத்தை விட்டுவிட்டுப் படியேறி, "நான் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அங்கே ஏழு பேர். பின்னல் கோலாட்டம் ஆட ஆசை. ஒரு ஆள் குறைகிறது. மேலே வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றி, எதிரில் வருபவரை ஒருமுறை உள்ளே, மறுமுறை வெளியே என்று மாறி மாறிக் கடந்தால் கயிறு சடை மாதிரிப் பின்னிக்கொண்டே இறங்கும். வந்த வழியே திரும்பி ஆடினால் பிரிந்துவிடும். ஐரோப்பாவில் மே மாதத்தில் கம்பத்தில் ரிப்பன் கட்டி ஆடுவதும் இதே போலத்தான்.

"அம்பாளே உங்களை அனுப்பியிருக்கா அக்கா!" என்றாள் ஒரு சின்னப் பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவே வினையாயிற்று. விழுப்புரத்தில் நான் வலம் போகிற வரிசை, இங்கே இடம். பழக்க தோஷம்! உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனேன். கயிறெல்லாம் ஒரே சிக்கு. "எங்க ஊர்லே இப்படி இல்லே" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

அந்த வீட்டுப் பெரியம்மா, "சிக்கு விழுந்தா இழுக்கக் கூடாதும்மா. நின்ன இடத்திலேயே நின்னு ஒவ்வொண்ணாப் பிரிக்கணும்" என்றார்.

இரவு படுத்தபடி ஒரு யோசனை தோன்றியது. வலம் போகிறவர்களுக்குப் பச்சைப் புடவை, பச்சைக் கயிறு. இடம் போகிறவர்களுக்கு அரக்கு. எதிரில் நம் நிறமே வந்தால் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். புதிதாக எதுவும் வாங்கவில்லை. பெட்டியில் இருந்த பருத்திப் புடவைகளே போதும், வழுக்காது. கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் உயர்த்திக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி ஊக்கு குத்திக்கொண்டோம். நீளச் சடை கயிற்றில் மாட்டும் என்பதால் எல்லோருக்கும் கொண்டை. கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழிக்குமே என்று கழற்றி வைத்துவிட்டோம். பழைய பட்டுக் கரையைக் கத்தரித்து, கோல் நுனிக்குக் குஞ்சலம் கட்டினேன்.

சரஸ்வதி பூஜையன்று சிக்கில்லாமல் பின்னினோம், சிக்கில்லாமல் பிரித்தோம்.

மறுநாள் விழுப்புரத்துக்குப் போன் செய்தேன். நான் வந்துவிட்டதால் அங்கேயும் ஏழு பேர்தானே! "என் கயிறை யாரு பிடிச்சா?" என்று கேட்டேன்.

"சேலத்திலேருந்து மாற்றலாகி வந்த ஒரு பொண்ணு. பாவம், பேச ஆளில்லாம உட்கார்ந்திருந்தா."

ஒரு நிமிஷம் தொண்டையை அடைத்தது. பிறகு, "அவ தப்பு பண்ணினா யாரும் கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.